கரிக்கொட்டகையில் தொங்கிய சக்கரம்

கிர்க் மைக்கேல், மான் தீவு
17 ஆகஸ்ட் 1961, வியாழன்

ஆரி அண்ணாவுக்கு,

இந்தக் கையெழுத்து உங்களுக்குத் தெரியாது. நான் பிரீஷா கெர்மீன், ஃபின்லோவின் தங்கை. உங்கள் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவேனே, அவள்தான். அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது பதினான்கு.

உங்கள் முகவரி அம்மாவின் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் இருந்தது. லிவர்பூலிலிருந்து நீங்கள் போடும் கடிதங்களை அப்பா பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவார். ஒரே ஒரு உறையின் பின்பக்கத்தை மட்டும் அம்மா எப்படியோ கிழித்து வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. பூனை துரத்தும் அந்தப் பிராணியைச் சகுனத்துக்குப் பயந்து பெயர் சொல்லாமல் 'நீளவால்' என்று சொல்வோமே, அதுபோல நீங்கள் 'அந்த ஆள்'. அந்த ஆள் ஹேண்டில் நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டதால்தான் ஃபின்லோ பந்தயத்தில் விழுந்து செத்தான் என்று அப்பா சொல்வார். இதை எழுதக் கூடாதுதான். ஆனால் உங்களுக்கு அது தெரியும்.

நான் எழுதுவதற்குக் காரணம் சின்ன அண்ணன் ஜுவன். அவனுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. செப்டம்பர் ஏழாம் தேதி மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் ஓட்டப்போகிறான். வேறு வண்டி இல்லை, ஃபின்லோவின் வண்டியைத்தான். ஆறு வருஷமாக அப்பா அதைக் கொட்டகையில் பூட்டிவைத்து ஒவ்வொரு துண்டாக நிமிர்த்தியிருக்கிறார். நசுங்கின டேங்கைத் தட்டி நெளிவெடுத்துவிட்டார். இன்று மாலை முதல்முறையாக இன்ஜினைக் கிளப்பினார்கள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் தண்ணீருக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். அந்த வண்டி அந்தச் சின்ன முன்சக்கரத்தோடு சல்பி நேர்சாலையில் முழுவேகத்தில் போகலாமா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

பதில் எழுதினால் 'ஐலிஷ் கன்னல், ரொட்டிக்கடை' என்று போடுங்கள். ஐலிஷ் என் வகுப்புத்தோழி. காலையில் எங்களுக்கு ரொட்டி கொண்டுவருபவள் அவள்தான். பையின் அடியில் வைத்துத் தருவாள்.

மாடிப்படியில் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

பிரீஷா


லிவர்பூல்
20 ஆகஸ்ட், ஞாயிறு

பிரீஷா,

உனக்கு நான் எழுதுவது சரியில்லை. உன் அப்பா அறிந்தால் உனக்குத்தான் கஷ்டம். அவர் என் கடிதங்களை எரிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. மகனைப் புதைத்தவர்.

நான் அந்த நட்டை முடுக்கினேன். முடுக்கினதாகத்தான் ஞாபகம். ஆனால் ஒரே ஞாபகத்தை ஆறு வருஷம் தேய்த்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இங்கே ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். எந்த வண்டியை வெளியே அனுப்பினாலும் வாசல்வரை போய், திரும்பக் கூப்பிட்டு, அந்த ஒரு நட்டை மறுபடி தொட்டுப்பார்ப்பேன். முதலாளி எனக்கு 'தொட்டுப்பார்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்.

ஜுவனிடம் சொல். பந்தயத்துக்கு முன் அதை வேறு யாராவது ஒருவர் பார்க்கட்டும்.

நீ சின்ன முன்சக்கரம் என்று எழுதியிருக்கிறாய். எந்தச் சின்னச் சக்கரம்? அந்த வண்டிக்கு நான் மாட்டினது இருபத்தொரு அங்குலம். போருக்கு முந்திய வண்டிச் சட்டகம் அது. அதற்கு அந்த அளவுதான். குழந்தையாக இருந்தபோது பார்த்ததை நீ மாற்றி நினைக்கிறாயா, இல்லை அப்பா இப்போது புதிதாக வாங்கினாரா?

ஆரி குவில்லியம்


24 ஆகஸ்ட், வியாழன்

ஆரி அண்ணாவுக்கு,

மாற்றி நினைக்கவில்லை. டயரின் பக்கவாட்டில் விரலால் தடவிப் படித்தேன். பத்தொன்பது. புதிதாக வாங்கினதும் இல்லை. ஃபின்லோ விழுந்தபோது இருந்த அதே சக்கரம். ஆரக்கம்பிகளை மட்டும் அப்பா மாற்றியிருக்கிறார். எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

உங்கள் இருபத்தொன்றையும் கண்டுபிடித்துவிட்டேன். கரிக்கொட்டகையின் உள்சுவரில் ஆணியில் தொங்குகிறது. மேலே கோழிகள் அடைகின்றன. எச்சத்தைச் சுரண்டினால் ரிம் இன்னும் பளபளக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஜுவன் வண்டியை வயல்பக்கச் சந்துகளில் ஓட்டிவிட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ பிரீஷா, வாலாட்டிக்குருவி மாதிரி திரும்புதுடி! நினைச்சா போதும், வளைஞ்சிடுது."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பத்தொம்பதுடா. இன்னிக்கு ஜெயிக்கிறவன் எல்லாம் பத்தொம்பதுதான் போடுறான். பழைய சக்கரம் உழவுக் குதிரை மாதிரி. இழுத்துப் பிடிச்சாத்தான் திரும்பும்."

"ஃபின்லோவும் அப்படித்தாம்ப்பா சொல்வான். பல்லாஃப் பாலத்துல தோளே கழண்டுடும்னு."

அப்பா குனிந்து ஹேண்டில் நட்டைத் தொட்டுப்பார்த்தார். அதை அவர் ஒரு நாளைக்குப் பத்துமுறை தொடுகிறார். கம்பி போட்டுக் கட்டி, அதன்மேல் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடும் போட்டிருக்கிறார், நட்டு அசைந்தால் தெரியட்டும் என்று. சக்கரத்தை அவர் பார்ப்பதே இல்லை. பந்தயப் பரிசோதனைக்காரர்களும் நட்டைத்தானே பார்ப்பார்கள்?

நான் பயப்படுவது முட்டாள்தனம் என்று எழுதிவிடுங்கள். அப்படி எழுதினால் தூங்கிவிடுவேன்.

பிரீஷா


27 ஆகஸ்ட், ஞாயிறு

பிரீஷா,

அப்படி எழுத முடியாது.

ரொட்டிக்கடையில் மாவு மூட்டை தள்ளும் வண்டி இருக்குமே, அதன் முன்பக்கச் சின்னச் சக்கரத்தைப் பார். சுழலும் தண்டுக்குக் கொஞ்சம் பின்னால் தரையைத் தொடும். பின்னால் வருவதால்தான் தள்ளும்போது தானாக நேராகிவிடுகிறது. மோட்டார்சைக்கிளும் அப்படித்தான். ஹேண்டிலிலிருந்து இறங்கும் சாய்ந்த தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது எங்கே தொடுகிறதோ, அதற்குப் பின்னால்தான் டயர் தரையைத் தொடவேண்டும். அந்த இடைவெளிதான் ஓட்டுபவனின் உயிர். சக்கரம் சிறிதானால் இடைவெளி குறையும். முன்பக்கமும் ஒரு அங்குலம் தாழ்ந்து, தண்டு நிமிர்ந்து, இன்னும் குறையும். அதனால்தான் சந்துகளில் குருவிபோலத் திரும்புகிறது. நூறு மைல் வேகத்தில், மேடுபள்ளமான சல்பியில் திரும்பு என்று யாரும் சொல்லாமலே திரும்பும். திரும்பியதும் மறுபக்கம். அப்புறம் அந்த ஆட்டம் நிற்காது. சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குவதும் அதிகம்.

ஜெயிப்பவர்கள் பத்தொன்பது போடுவது உண்மை. அவர்களுடைய வண்டிச் சட்டகமே பத்தொன்பதுக்காகச் செய்தது. நம்முடையது அப்படி இல்லை.

நீயே அளந்து பார். வண்டி நேராக நிற்கட்டும். தண்டின் கோட்டிலே ஒரு நீளக் குச்சியைத் தரைவரை பிடி, அங்கே சுண்ணாம்பால் ஒரு புள்ளி. சக்கரத்தின் நடுவிலிருந்து கல் கட்டின நூலைத் தொங்கவிடு, அங்கே ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையே நான் விட்டுவந்தபோது நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது நீ சொல். யார் மாற்றினார்கள்? எப்போது? புதன்கிழமை வண்டியை முடித்துக் கொடுத்தேன். பந்தயத்தன்று விடியும் முன்பே மலைமேல் எச்சரிக்கைக் கொடி காட்டும் வேலைக்குப் போய்விட்டேன். அதன்பின் வண்டியை நான் பார்க்கவே இல்லை. சவ அடக்கத்துக்கு மறுநாள் உன் அப்பா வாசலில் நின்று என்னிடம் சொன்னதைக் கேட்டுவிட்டு நேராகப் படகேறினேன்.

எப்படித் தெரியும் என்று கேட்காதே என்றாய். கேட்கிறேன்.

ஆரி


30 ஆகஸ்ட், புதன்

ஆரி அண்ணாவுக்கு,

மூன்றேகால்.

அப்பா பெட்ரோல் எடுக்க ராம்சே போயிருந்தபோது அளந்தோம். ஐலிஷ் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். "இது என்மேல விழுந்தா எங்கம்மா கேட்பா, ரொட்டி கொடுக்கப் போனவ எப்படி நசுங்கினான்னு," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். இரண்டுமுறை அளந்தோம். இரண்டுமுறையும் மூன்றேகால். டேங்கில் அவளுடைய மாவுக்கை அடையாளம் பதிந்துவிட்டது. பாவாடையால் துடைத்தேன்.

திங்கள், செவ்வாய் காலைப் பந்தயப் பயிற்சி இரண்டும் மூடுபனியில் போயின. கடல்தெய்வம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டது என்று எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றி சொன்னேன். இன்று விடியலில் வானம் தெளிந்துவிட்டது.

பயிற்சிக்காகச் சாலையை அடைத்துவிட்டால் எங்கள் வாசலைத் திறக்கக் கூடாது. மாடி ஜன்னலில் அம்மாவும் நானும் நின்றோம். ஜுவன் கீழே போனதைப் பார்க்கவில்லை, ஒரு சத்தமும் காற்றும்தான். பல்லாஃப் பக்கம் சத்தம் தேய்ந்து ஒன்றுமே இல்லாமல் ஆனது. அதற்கு அப்புறம்தான் சல்பி. அங்கிருந்து இங்கே எதுவும் கேட்காது. அம்மா உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். நானும் எண்ணினேன். இருவரும் வேறுவேறு எண்ணில் இருந்தோம்.

வந்துவிட்டான். ஆனால் காலை உணவில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து இருந்தது.

"என்னடா கை?" என்று அம்மா கேட்டாள்.

"கையுறை புதுசும்மா."

கையுறை புதிதில்லை. அது ஃபின்லோவுடையது.

அப்பா அவனையே பார்த்தார். "சல்பியில எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் தலையாட்டுச்சு. பரவால்ல. இறுக்கிப் பிடிச்சேன்."

அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நட்டைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார். சிவப்புக் கோடு அசையவில்லை. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில்.

அந்தப் புதன்கிழமை காலை நீங்கள் வண்டியை முடித்துவிட்டு சமையலறையில் அம்மாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். பொன்னாக் ரொட்டியில் அம்மா வெண்ணெய் தடவித் தந்தாள். நான் கொட்டகைக்கு ஓடினேன். அப்பா முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தார். வேறு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. "பிரீஷா, இந்தப் பக்கம் பிடிச்சுக்கோ," என்றார். பிடித்துக்கொண்டேன். மாட்டி முடித்ததும் டாஃபி ஒன்று கொடுத்தார். "ஆரிகிட்ட சொல்லாதே. கோவிச்சுக்குவான். அண்ணன் ஜெயிச்சதும் நாமளே சொல்லிச் சிரிப்போம்," என்றார்.

நான் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. வாசலில் நின்று அப்பா உங்களிடம் கத்தியபோது நான் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

பெரிய சக்கரத்தை மாட்டினால் அப்பா ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் மாட்டாமலே இருக்கிறார் என்று நினைக்கிறேன். சின்னச் சக்கரத்தில் ஜுவன் நல்லபடியாக வந்துவிட்டால், ஃபின்லோவும் சக்கரத்தால் சாகவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

நான் என்ன செய்யட்டும்?

பிரீஷா


1 செப்டம்பர், வெள்ளி

பிரீஷா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். அதன்பின் எதையும் தொடவில்லை. முதலாளி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அப்போது நீ எட்டு வயதுக் குழந்தை. எனக்குத் தெரியும். இருந்தும் கோபம் வருகிறது. உன்மேலும் வருகிறது. மறைக்கவில்லை. ஆறு வருஷம், பிரீஷா. ஃபின்லோவின் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஓடிவந்தேன். எனக்குக் கல்யாணம் பேசினார்கள். கொன்றவனுக்கு எதற்கு என்று நானே கலைத்தேன். நீ ஒரு டாஃபிக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாய்.

இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஆனால் அடுத்த வரியையும் படி.

அந்தச் சக்கரத்தோடு ஜுவன் வியாழக்கிழமை போகக் கூடாது. பயிற்சியில் ஒரு சுற்றுத்தான். அவன் கை தாங்கியது. பந்தயத்தில் ஆறு சுற்று. ஃபின்லோ விழுந்தது நான்காவதில். நான் வருகிறேன். எல்லார் முன்னிலையிலும் உன் அப்பாவிடம் சொல்கிறேன். திங்கட்கிழமைப் படகு.

ஆரி


2 செப்டம்பர், சனி

ஆரி அண்ணா, வராதீர்கள். கடிதம் கிடைத்த உடனே இதை எழுதுகிறேன். ஐலிஷ் இதை மாலைப் படகின் தபாலில் சேர்த்துவிடுவாள்.

நீங்கள் வாசலில் வந்து நின்றால் அப்பா காதில் எதுவும் ஏறாது. அந்த ஆள் சொன்னதற்காகவே அந்தச் சக்கரத்தைக் கழற்றமாட்டார். ஜுவனும் அப்பா பக்கம் நிற்பான். அவனுக்கு நீங்கள் அந்த ஆள்தான்.

நான் சொல்கிறேன். நாளைக்கு. இன்று இரண்டுமுறை வாயைத் திறந்தேன். ஒருமுறை உப்பு கேட்டேன், ஒருமுறை ஒன்றுமே கேட்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவேன். நீங்கள் கோபப்பட்டது சரிதான்.

பிரீஷா


3 செப்டம்பர், ஞாயிறு

ஆரி அண்ணாவுக்கு,

தேவாலயம் முடிந்ததும் அப்பா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத குட்டித் தேவதைகள் வாழும் குட்டிமக்கள் பாலத்துக்குப் போனார். பந்தயத்துக்கு முன் ஓட்டுபவன் அங்கே போய் அவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் இருப்பானா? ஃபின்லோவையும் இப்படித்தான் கூட்டிப்போனோம். அன்றும் நான் பின்சீட்டில்தான் இருந்தேன்.

பாலத்தின்மேல் அப்பா நிறுத்தினார். தொப்பியை எடுத்தார். "வணக்கம், நல்லவங்களே," என்றார். அம்மா சொன்னாள். ஜுவன் சொன்னான். நான் சொல்லவில்லை.

"பிரீஷா," என்றார் அப்பா.

நான் ஜன்னலுக்கு வெளியே ஓடையைப் பார்த்தேன்.

"என்னடி, நாக்கை நீளவால் தின்னுடுச்சா?" என்று ஜுவன் சிரித்தான். "சொல்லு. நீ சொல்லாட்டி நான்தான் விழுவேன்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. அதிலிருந்தவர்களும் ஜன்னல் வழியே வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நகராததால் ஓட்டுநர் ஒலியடித்தார்.

"எல்லாரும் சொன்னாத்தான் வண்டி நகரும்," என்றார் அப்பா. "தெரியும்ல?"

"அன்னிக்கும் சொன்னோம்ப்பா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அன்னிக்கும் எல்லாரும் வணக்கம் சொன்னோம். ஃபின்லோவும் சொன்னான். ஆனா சக்கரத்தை மாத்தினதை நாம யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லல, நானும் சொல்லல."

"எந்தச் சக்கரம்?" என்றான் ஜுவன்.

அப்பா திரும்பவில்லை. முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. அவர் என்னை அடித்ததே இல்லை. இருந்தும் நான் கதவுப்பக்கமாக ஒதுங்கினேன்.

"ஆரி அண்ணா போட்டது இருபத்தொண்ணு. நீங்க பத்தொம்பது போட்டீங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். நாலு அங்குலம் இருந்த இடத்துல மூணேகால்தான் இருக்கு. நான் அளந்தேன். ஜுவன் கையைப் பாருங்கப்பா. அது கையுறை இல்ல."

பேருந்து மறுபடி ஒலியடித்தது.

அம்மாதான் முதலில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "இல்லியம். ஆரியா அந்த நட்டை விட்டான்?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு உங்கள் பெயரை அம்மா வாயால் கேட்டேன்.

அப்பா தொப்பியைத் தலையில் வைக்கப் பார்த்தார். அது சரியாக உட்காரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது," என்றார். "நட்டு இறுக்கமாத்தான் இருந்திருக்கும். அவன் முடுக்கினா இறுக்கமாத்தான் இருக்கும்." பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகையா என்று தெரியவில்லை. ஜுவன் இறங்கிச் சுற்றிவந்து, அப்பாவைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளி, தானே ஓட்டினான். கிளம்பும் முன் நான் வணக்கம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உடை மாற்றாமலே கரிக்கொட்டகைக்குள் போனார். கோழிகள் கூச்சல்போட்டன. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டெல்லாம் கரியும் எச்சமுமாக உங்கள் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஜுவனும் அவரும் பேசாமலே வேலை செய்தார்கள். புது டயர் போட்டு மாட்டி முடித்ததும் ஜுவன் என்னைக் கூப்பிட்டான். "வா, அளக்கிற அம்மா. உன் நூலைக் கொண்டா."

நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மாலையில் சாலை திறந்திருந்தபோதே ஜுவன் சல்பிவரை போய்வந்தான். இறங்கினதும் ஒரு கையால் கோப்பையைப் பிடித்துக் குடித்தான். "சந்துல உழவுக் குதிரைதான்," என்றான். "நேர்சாலையில கையை எடுத்துட்டுத் தலை சீவலாம்."

அதன்பின் அப்பா ஸ்பானரை எடுத்தார். நட்டில் கட்டியிருந்த கம்பியை வெட்டினார். சிவப்புக் கோட்டைத் துணியால் தேய்த்து அழித்தார். நட்டைத் தளர்த்தினார், விரலாலேயே சுற்றலாம் என்ற அளவுக்கு.

"என்னப்பா பண்றீங்க?" என்றான் ஜுவன்.

அப்பா என்னிடம்தான் சொன்னார். முகவரி எனக்குத் தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "எழுது. இதை அவன் வந்து முடுக்கினாத்தான் வண்டி போகும். இல்லேன்னா போகாது."

புதன்கிழமை மதியத்துக்குள் வண்டியைப் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும். பனி இறங்கினால் படகு தாமதமாகும். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மலை தெரியவில்லை. இருட்டா பனியா என்று தெரியவில்லை. இன்று இதை ஒளித்து எழுதவில்லை, ஆனாலும் பயம் போகவில்லை.

பிரீஷா


தந்தி
லிவர்பூல், 5 செப்டம்பர் 1961, காலை

பிரீஷா கெர்மீன், கிர்க் மைக்கேல்

இன்றைய படகில் ஏறுகிறேன். என் ஸ்பானரோடு வருகிறேன். நான் வரும்வரை அந்த நட்டை யாரும் தொடவேண்டாம். ஆரி